பழுதெண்ணியவர் யார்?

அன்புள்ள ஐயா,

அப்பச்சியின் மணிவிழா மலருக்குக் குடும்ப வரலாறு எழுதியிருக்கிறேன். எங்கள் பாட்டையா பர்மாவில் வட்டிக்கடை வைத்திருந்தவர். 1931-இல் அங்கிருந்த ஏஜெண்டு, "ரொக்கமாக வசூலாகாது, வயலாகவே எழுதி வாங்கிக்கொள்ளலாம்" என்று எழுதிய கடிதம் பெட்டகத்தில் இருக்கிறது. வயல்களெல்லாம் பின்னால் கைவிட்டுப் போயின. 'ஏஜெண்டு பழுதெண்ணியதால் சொத்து போயிற்று' என்று எழுதினேன். படித்துக் காட்டியதும் அப்பத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. 1942-இல் பேரேடுகளைச் சுமந்தபடி நடந்தே ஊர் திரும்பியவராம் அந்த ஏஜெண்டு. தவறான யோசனை சொன்னார் என்பதற்கு இலக்கியச் சொல் இதுதானே?

வாசகர், காரைக்குடி

அன்புள்ள நண்பருக்கு,

அப்பத்தாவின் கோபம் நியாயமானது. 'பழுதெண்ணும் மந்திரியின் பக்கத்துள் தெவ்வோர் எழுபது கோடி உறும்' என்கிறது குறள் 639. இங்கே எண்ணுதல் வெறும் நினைப்பு அல்ல, ஆராய்ந்து யோசனை சொல்வது. பழுது என்பதற்குப் பிழை என்றும் பொருள் உண்டு, அதனால் நீங்கள் அப்படி எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. ஆனால் தெவ்வோர் என்றால் பகைவர். பக்கத்திலிருந்து கேடு சூழும் ஒருவனைவிட எழுபது கோடிப் பகைவர் மேல் என்று வள்ளுவர் சொல்கிறார். கணக்குப் பிசகியவனைப் பகைவரோடு நிறுத்துப் பார்ப்பாரா?

முந்திய குறளையும் சேர்த்துப் படியுங்கள். அரசன் தானும் அறியாமல், அறிந்தவர் சொல்லையும் தள்ளினாலும், 'உறுதி உழையிருந்தான் கூறல் கடன்.' உழை என்றாலும் பக்கம்தான். அதே இடத்தில் இருந்துகொண்டு நல்லதை மறைத்துக் கெட்டதை ஓதுகிறவனே பழுதெண்ணுகிறவன். தூபம் போட்டான், துர்ப்போதனை செய்தான் என்று நாம் சொல்வதெல்லாம் இந்தச் சொல்லுக்கு உறவுதான். கள்ள நெஞ்சு இல்லாத இடத்தில் இவற்றில் ஒன்றையும் போட முடியாது.

உங்கள் ஏஜெண்டு சொன்னது என்ன? 1930-இல் நெல் விலை விழுந்தது. கடன் வாங்கிய விவசாயிகளிடம் வயலைத் தவிர எதுவும் இல்லை. நம் ஊர்க் கடைகள் பலவும் அதைத்தான் செய்தன. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால் பங்கு வயல் செட்டியார்கள் பெயருக்கு வந்துவிட்டது. நிலத்தை இழந்த பர்மியக் குடும்பங்களின் துயரத்தையும் உங்கள் மலர் ஒரு வரியாவது சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம். ஜப்பானியப் படை வரும் என்று 1931-இல் கடிதம் எழுத உட்கார்ந்தவருக்கு எப்படித் தெரியும்?

அந்த வரியை இப்படி மாற்றலாம்: 'ஏஜெண்டின் யோசனைப்படி வயல்களை எழுதி வாங்கினார், அந்தக் கணிப்பு பொய்த்தது.' அடுத்த வரியில் அவர் பேரேடு சுமந்து வந்ததை எழுதுங்கள். அதை அப்பத்தா சொல்லச் சொல்ல, அவர் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.