வயர்லெஸ் டீபக்கிங்: பேர் ஆகிறது, ஆனால் கனெக்ட் ஆக மறுக்கிறது. ஏன்?

கேட்டவருடைய சிக்கல் இது: ஆண்ட்ராய்டு ஃபோனில் வயர்லெஸ் டீபக்கிங்கை (கேபிள் இல்லாமல் வைஃபை வழியாகக் கணினியிலிருந்து ஃபோனைச் சோதிக்கும் வசதி) ஆன் செய்து, கணினியில் ஏடிபி என்ற கருவியின் 'ஏடிபி பேர்' கட்டளை, அதாவது இரண்டையும் ஜோடி சேர்க்கும் கட்டளை, கொடுத்தார். வெற்றி என்று வந்தது. அப்புறம் அதே ஐபி முகவரி, அதே போர்ட் எண்ணோடு 'ஏடிபி கனெக்ட்' கொடுத்தால் இணைப்பு மறுக்கப்பட்டது என்கிறது.

பேரிங் முடிந்துவிட்டதென்றால் ஃபோனும் கணினியும் ஒன்றையொன்று எட்டிப் பேசியிருக்கின்றன. அதனால் ரவுட்டரையும் ஃபயர்வாலையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். 'அதே போர்ட்' என்று சொன்னீர்களே, சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

ஆண்ட்ராய்டு 11-இல் வந்த இந்த முறையில் போர்ட்டுகள் இரண்டு. பேரிங் குறியீட்டைக் காட்டும் சிறிய பெட்டியில் 6 இலக்க எண்ணோடு ஒரு போர்ட்டும் தெரியும். அந்தப் பெட்டி திறந்திருக்கும் வரைதான் அதற்கு உயிர். உங்கள் கணினியின் பொதுச் சாவியை (கணினியை அடையாளம் காட்டும் குறி) ஃபோனில் பதிவு செய்வதோடு அதன் வேலை முடிந்தது. பெட்டியை மூடிவிட்டு வயர்லெஸ் டீபக்கிங் பக்கத்துக்கே திரும்பி வாருங்கள். அங்கே 'ஐபி முகவரி மற்றும் போர்ட்' என்று வேறொரு எண் இருக்கும். கனெக்ட் கட்டளைக்கு அதைத்தான் கொடுக்க வேண்டும். ஒரே மாதிரி தோற்றத்தில் இரண்டு எண்களைக் காட்டிவிட்டு எது எதற்கு என்று திரையில் ஒரு வரிகூட எழுதாமல் விட்டது பெரிய குறை என்றே நினைக்கிறேன். புதிதாக வருகிற எல்லோரும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

இந்த இரண்டாவது போர்ட்டும் நிலையானதல்ல. வயர்லெஸ் டீபக்கிங்கை அணைத்துப் போட்டால் மாறிவிடும். எனவே அதை ஒரு ஸ்கிரிப்ட்டில் எழுதிவைப்பதில் பயனில்லை. பேரிங்கை மட்டும் மறுபடி செய்ய வேண்டாம், சாவி ஃபோனில் இருக்கிறது. சாதனங்கள் ஒன்றையொன்று கண்டுபிடிக்க உதவும் எம்டிஎன்எஸ் ஒழுங்காக வேலை செய்யும் நெட்வொர்க்கில், பேர் ஆன கணினி தானாகவே ஃபோனைக் கண்டுபிடித்து இணைந்துகொள்ளும். கனெக்ட் கட்டளையே தேவைப்படாது. கணினியில் ஏடிபி அடங்கிய பிளாட்ஃபார்ம் டூல்ஸ் 30 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், பழையதில் பேர் கட்டளையே கிடையாது.

சரி, இதைப் படிக்கும் சிலருக்குப் பேரிங்கே நடக்காமல் நிற்கலாம். அப்போதுதான் நெட்வொர்க்கைச் சந்தேகிக்க வேண்டும். அலுவலக வைஃபையிலும் விருந்தினர் வைஃபையிலும் ஒரு சாதனம் இன்னொன்றோடு நேரடியாகப் பேச முடியாதபடி ஐசொலேஷன் போட்டிருப்பார்கள். ஃபோன், கணினி இரண்டிலும் இணையம் நன்றாக ஓடும், ஆனால் கணினிக்கு ஃபோன் இருப்பதே தெரியாது. லேப்டாப்பிலேயே ஹாட்ஸ்பாட் போட்டு ஃபோனை அதில் சேர்ப்பதுதான் நான் எப்போதும் சொல்லும் வழி. யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டாம். கணினியில் விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் அதையும் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள்.

இதே கேள்விக்குப் பலர், கேபிளைச் செருகி 'ஏடிபி டிசிபிஐபி 5555' கொடுத்துவிட்டுக் கேபிளை உருவிவிடுங்கள் என்று பதில் தருகிறார்கள். ஆண்ட்ராய்டு 10-உம் அதற்கு முந்தையதும் என்றால் அதுதான் வழி, தவறில்லை. புதிய ஃபோனில் அதைச் செய்யாதீர்கள் என்று அழுத்தியே சொல்வேன். அந்த முறையில் போகும் தரவு என்க்ரிப்ட் செய்யப்படுவதில்லை. புதிய முறை டிஎல்எஸ் என்ற என்க்ரிப்ட் செய்த இணைப்பு வழியாகப் போகிறது. 5555 போர்ட்டோ நீங்கள் ஃபோனை ரீபூட் செய்யும் வரை திறந்தே கிடக்கும், நீங்கள் வேறு வைஃபைக்குப் போனாலும்கூட. 2018 பிப்ரவரியில் ஏடிபி.மைனர் என்ற வார்ம் (தானாகவே பரவும் தீய நிரல்) பரவியது இந்தப் போர்ட் திறந்து கிடந்த சாதனங்களின் வழியாகத்தான். அவற்றில் டிவி பெட்டிகளும் நிறைய. புகுந்த சாதனத்தில் மொனெரோ என்ற கிரிப்டோ நாணயத்தை மைன் செய்துகொண்டே அடுத்த சாதனத்தைத் தேடும். பழைய ஃபோனுக்காக இந்த முறையைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால், வேலை முடிந்ததும் 'ஏடிபி யூஎஸ்பி' என்று ஒரு கட்டளை கொடுத்து மூடிவிடுங்கள்.

இணைந்த பிறகு வரும் இன்னொரு குழப்பம்: கேபிளும் செருகியிருந்து வயர்லெஸ்ஸும் இருந்தால் ஒரே ஃபோன் 'ஏடிபி டிவைசஸ்' பட்டியலில் இரண்டு முறை வரும். ஒன்றுக்கு மேற்பட்ட சாதனம் இருக்கிறது என்று பிழை காட்டினால் கேபிளை உருவுங்கள், அல்லது கட்டளையில் மைனஸ் எஸ் (-s) போட்டு எந்தச் சாதனம் என்று குறிப்பிடுங்கள். 'ஆஃப்லைன்' என்று காட்டினால் 'ஏடிபி கில் சர்வர்' கொடுத்துவிட்டு மீண்டும் இணைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். சில நாள் தொடாமல் விட்ட ஃபோன் திடீரென்று அனுமதி இல்லை என்றால் பதற வேண்டாம். 7 நாள் பயன்படுத்தாத கணினியின் அனுமதியை ஆண்ட்ராய்டு தானாக நீக்கிவிடும். டெவலப்பர் ஆப்ஷன்ஸில் அந்தக் காலக்கெடுவை நிறுத்தும் வசதி இருக்கிறது. சோதனைக்கென்றே வைத்திருக்கும் ஃபோனில் மட்டும் அதைப் போடுங்கள், அன்றாடம் கையில் இருக்கும் ஃபோனில் வேண்டாம்.

கேபிளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஃபோனை ஃபாஸ்ட்பூட்டுக்கு (ஆண்ட்ராய்டு தொடங்கும் முன்பே நிற்கும் நிலை) மாற்றியதும் ஆண்ட்ராய்டே ஓடாது, வைஃபையும் இருக்காது. அங்கே கேபிள் இல்லாமல் முடியாது.