மூன்று வார உணவு

கேள்வி: ராணுவத்தில் உணவு, எரிபொருள், தளவாட விநியோகத்தை நடத்திய தளபதிகளைப் பெரிய நிறுவனங்கள் உயர்பதவிக்கு அழைத்துக்கொள்கின்றன. மேலே இருப்பவர் கட்டளையிட, கீழே இருப்பவர் மறுபேச்சில்லாமல் நிறைவேற்றும் கட்டுப்பாடுதானே அவர்களிடமிருந்து வணிகம் கற்கவேண்டிய பாடம்?

பதில்: பாடத்தைத் தலைகீழாகப் படித்திருக்கிறீர்கள். மறுபேச்சுப் பேசிய வழங்கல் அதிகாரியைத் துரத்திய படை என்ன ஆனது என்பதற்கு, இரண்டாம் உலகப்போரில் வடகிழக்கு இந்தியாவின் இம்பாலும் கோஹிமாவும் சாட்சி.

பர்மாவிலிருந்து இந்தியாவுக்குள் நுழையத் திட்டமிட்ட ஜப்பானின் 15ஆவது படைக்கு ரென்யா முத்தகுச்சி தளபதி. அவருக்கு அடுத்த நிலையில் படைத் தலைமையகத்தை நடத்தியவர் நோபுயோஷி ஒபாதா, வழங்கல் பிரிவில் வளர்ந்தவர். சிந்த்வின் ஆற்றையும் மலைத்தொடரையும் கடந்துபோகும் வீரர்களுக்குப் பின்னாலிருந்து உணவும் வெடிபொருளும் அனுப்ப வழியில்லை என்று எதிர்த்தார். 1943இல் அவரைப் பதவியிலிருந்து தூக்கிவிட்டார்கள்.

1944 மார்ச்சில் படை புறப்பட்டது. கையில் இருந்தது ஏறக்குறைய மூன்று வாரத்துக்கான உணவு. அது தீர்வதற்குள் இம்பாலின் பிரிட்டிஷ் கிடங்குகளைப் பிடித்துவிடலாம் என்பது கணக்கு. பொதி சுமக்கவும் பிறகு இறைச்சிக்காகவும் ஓட்டிச் சென்ற மாடுகளில் பல, வழியிலேயே செத்தன. இம்பால் கைக்கு வரவில்லை. கோஹிமாவில் இருந்த 31ஆவது டிவிஷனின் தளபதி கோதோகு சாதோ, சொன்னபடி உணவு வந்துசேராததால் மேலிடத்து உத்தரவை மீறித் தம் வீரர்களோடு பின்வாங்கினார். அந்தப் படையெடுப்பில் மாண்ட ஜப்பானியர் ஏறக்குறைய 30,000 பேர். குண்டுகளைவிடப் பசியும் நோயும் கொன்றவர்களே அதிகம். ஒபாதாவை நீக்கியதால் மலைப்பாதை ஒரு மைல்கூடக் குறையவில்லையே என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

வணிகத்தில் இது நடப்பதில்லையா? விற்பனைத் தேதியை அறிவித்துவிட்டு, அதன் பிறகு கிடங்குப் பொறுப்பாளருக்குத் தகவல் அனுப்புகிறார்கள். "அந்தத் தேதிக்குள் சரக்கு போய்ச்சேராது" என்று அவர் சொன்னால், ஊக்கமில்லாதவர் என்று பெயர் சூட்டுகிறார்கள். இன்னும் வசூலாகாத பணத்தை நம்பி அடுத்த கிளையைத் திறப்பவரும், இன்னும் கைப்பற்றாத கிடங்கை நம்பிய முத்தகுச்சியும் ஒரே கணக்கைத்தான் போடுகிறார்கள்.

எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். பிரிட்டிஷ் இந்திய 14ஆவது படையின் தளபதி வில்லியம் ஸ்லிம், விமானத்திலிருந்து பொருள்களை இறக்கப் பாராசூட் போதாமல் தவித்தார். வழக்கமான கொள்முதல் வழியில் காத்திருந்தால் காரியம் ஆகாது. அவர் கல்கத்தாவின் சணல் ஆலைகளை நாடினார். பட்டு பாராசூட்டுக்கு 20 பவுண்டுக்கு மேல் ஆகும் இடத்தில், சணல் பாராசூட் ஒரு பவுண்டு சொச்சத்தில் முடிந்தது. உடையாத பொருள்களை இறக்க அது போதும். முன்வரிசைப் படைகள் அரை ரேஷனில் இருந்தபோதெல்லாம் ஸ்லிம் தம் தலைமையகத்தையும் அரை ரேஷனில் வைத்தார். அதனால் மிச்சமான உணவு சொற்பம்தான். ஆனால் மேசையில் அமர்ந்து கணக்கெழுதிய இளம் அதிகாரிகளுக்கு, எதற்காக அவசரம் என்பதை அவர்கள் வயிறே சொல்லியது. சரக்கு தாமதமானால் அந்த வலி தலைமை அலுவலகத்தில் யாருக்காவது தெரிகிறதா என்று நிறுவனத் தலைவர்கள் கேட்டுக்கொள்ளலாம்.

நீங்கள் சொல்லும் நியமனங்களுக்கு வருகிறேன். 1990-91 வளைகுடாப் போரில் அமெரிக்கத் தரைப்படையின் வழங்கலை நடத்திய கஸ் பகோனிஸ், பிறகு சியர்ஸ் என்ற அமெரிக்கச் சில்லறை விற்பனை நிறுவனத்தில் அதே பொறுப்பை ஏற்றார். அந்தப் போரில் வந்திறங்கிய சுமார் 40,000 கன்டெய்னர்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றை, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாததால் திறந்து பார்க்கவேண்டியிருந்தது. அப்படிப்பட்ட குழப்பத்தின் நடுவே அவர் கையாண்ட கருவிகளில் ஒன்று, உள்ளங்கை அளவுள்ள வெற்று அட்டை. எந்த நிலையில் இருப்பவரும் தாம் கண்ட சிக்கலை அதில் எழுதி மேலே அனுப்பலாம். அது பகோனிஸின் மேசைவரை போகும்.

மறுபேச்சு எழுதுவதற்கென்றே அட்டை கொடுத்தவரிடமா மறுபேச்சில்லாத கட்டுப்பாட்டைத் தேடுகிறீர்கள்?