நரம்பியலில் பிஎச்டி: படிவத்துக்கு முன்னால் ஒரு கடிதம்

டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்திலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

மகள் உடலியலில் ஆனர்ஸ் (மூன்று வருடப் பட்டத்துக்குப் பிறகு வரும் நான்காவது வருடப் படிப்பு) முடிக்கப்போகிறாள், நரம்பியல் பிஎச்டிக்கு எந்தப் படிவத்தை முதலில் நிரப்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். படிவம் கடைசி வேலை அம்மா. தென்னாப்பிரிக்காவில் பிஎச்டி என்றால் பெரும்பாலும் ஆய்வேடு மட்டும்தான். வகுப்பு, பரீட்சை அனேகமாகக் கிடையாது. ஆகவே ஒரு பேராசிரியர் "என்னிடம் வா" என்று சொன்ன பிறகுதான் படிவத்துக்கே உயிர் வரும்.

இன்னொன்று: ஆனர்ஸ் முடித்த கையோடு பிஎச்டி கிடையாது, நடுவில் எம்எஸ்சி உண்டு. ஆனால் எம்எஸ்சி ஆய்வு நன்றாக வளர்ந்தால், வழிகாட்டியின் பரிந்துரையோடு அதையே பிஎச்டியாக மாற்றிக்கொள்ளப் பல பல்கலைக்கழகங்களில் இடம் இருக்கிறது. எனவே எம்எஸ்சிக்கு யாரிடம் சேர்கிறாள் என்பதைத்தான் இப்போது யோசிக்க வேண்டும்.

கேப் டவுன், ஸ்டெல்லன்போஷ், விட்ஸ் (ஜோஹன்னஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட்), குவாசூலு-நேட்டால் ஆகிய நான்கு பல்கலைக்கழகங்களிலும் மூளை ஆய்வு நடக்கிறது. ஊரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம். மகளுக்குப் பிடித்த கேள்வி வலிப்பா, மன அழுத்தமா, மூளைக்காய்ச்சலா என்று முதலில் தீர்மானிக்கட்டும். அதில் வேலை செய்யும் நாலைந்து பேரின் கடைசி இரண்டு கட்டுரைகளைப் படித்துவிட்டு ஆளுக்கொரு கடிதம் எழுதட்டும்.

அந்தக் கடிதம் அரைப்பக்கம் போதும். முதல் வரியில் யார், எங்கே படிக்கிறாள், எந்த வருடம் சேர விரும்புகிறாள். அடுத்து, அவருடைய கட்டுரையில் எந்த முடிவு அவளை யோசிக்க வைத்தது, அதிலிருந்து அவள் கேட்க விரும்பும் ஒரு கேள்வி. பிறகு கைவேலை: "வெஸ்டர்ன் பிளாட் செய்வேன்; எலியின் ஹிப்போகேம்பஸ் துண்டுகளுக்குச் சாயமிட்டு எண்ணியிருக்கிறேன்" என்று செய்ததை மட்டும். (வெஸ்டர்ன் பிளாட் என்பது புரதத்தைக் கண்டறியும் சோதனை; ஹிப்போகேம்பஸ் நினைவோடு தொடர்புள்ள மூளைப் பகுதி.) மதிப்பெண் பட்டியலும் இரண்டு பக்கத் தன்விவரமும் இணைப்பில். "மூளை சிறு வயதிலிருந்தே என்னைக் கவர்ந்தது" என்று தொடங்கும் கடிதமும், பெயரை மட்டும் மாற்றிப் பத்துப் பேருக்குப் போகும் கடிதமும் படிக்கப்படாமலே போகும். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் ஒரு முறை நினைவூட்டலாம்.

பணத்தில்தான் பலர் தவறுகிறார்கள். தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் உதவித்தொகைக்கு முந்தைய வருடமே விண்ணப்பிக்க வேண்டும். அழைப்பு வழக்கமாக வருட நடுவில் முடிந்துவிடும். பல்கலைக்கழகம் தன் உள் கெடுவை அதற்கும் முன்னால் வைத்திருக்கும். நவம்பரில் ரிசல்ட் வரட்டும் என்று காத்திருந்தால் ஒரு வருடம் வீண். வயது வரம்பும் உண்டு, அந்த வருட அழைப்பில் பாருங்கள். பரிந்துரைக் கடிதத்தைக் கெடுவுக்கு ஒரு மாதம் முன்பே கேட்கச் சொல்லுங்கள். மூன்று நாளில் எழுதும் கடிதத்தில் மகள் இருக்கமாட்டாள், பொதுப்புகழ்தான் இருக்கும்.

அமெரிக்கா வேறு கணக்கு. அங்கே பேராசிரியரிடம் இல்லை, துறைக்கே விண்ணப்பம். டிசம்பர் முதல் வாரத்தை ஒட்டிக் கெடு, மூன்று பரிந்துரைகள். சேர்ந்த பிறகு முதல் வருடத்தில் இரண்டு மூன்று ஆய்வகங்களில் சுற்றிப் பார்த்துத்தான் வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பார்கள். ஆனர்ஸோடு நான்கு வருடம் ஆகிவிடுவதால் எம்எஸ்சி இல்லாமலும் அங்கே முயலலாம்.

நேர்காணலில் மகளும் கேட்கட்டும்: இந்த ஆய்வகத்தில் முந்தைய மாணவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள்? எலி ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி ஏற்கெனவே இருக்கிறதா, இனிமேல்தான் வாங்க வேண்டுமா? அதற்கே மாதக்கணக்கில் ஆகலாம். மின்வெட்டு வந்தால் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் ஜெனரேட்டரில் ஓடுகிறதா? இரண்டு வருட மூளைத் திசு மாதிரிகள் அதற்குள்தான் இருக்கும்.