ஒரு பல்லுக்கு மூன்று வைத்தியம்: எதைத் தெரிவு செய்வது?

கல்லாற்றிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எனக்கு வயது 41. இடது கீழ்க் கொடுப்புப் பல்லில் பெரிய சூத்தை. குளிர்தண்ணீர் பட்டால் கொதி தொடங்கி நிமிஷக் கணக்கில் நிற்கிறது. போன வாரம் இரண்டு இரவு தூக்கமே இல்லை. ஆஸ்பத்திரியில் கழற்றச் சொன்னார்கள். மட்டக்களப்பு டவுனில் ஒரு டொக்டர் ரூட் கனால் (பல்லின் நரம்பை எடுத்து வேர்க் கால்வாயை அடைப்பது) செய்து கிரவுன் (பல்லை மூடும் தொப்பி) போடலாம் என்றார். கல்முனையில் இன்னொருவர் அடைத்துவிட்டுப் பார்ப்போம் என்றார். யார் சொல்வதைக் கேட்பது?"

மூவரில் யாரோ ஏமாற்றுகிறார் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். மூவரும் பார்த்தது ஒரே பல்தான். ஆனால் ஒரே தகவலோடு பார்த்தார்களா? எக்ஸ்றே எடுத்தவர் யார், குளிர் வைத்துச் சோதித்தவர் யார், இரவு வலியைப் பற்றி நீங்கள் யாரிடம் சொன்னீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். கொதி இல்லாத ஒரு காலையில் போய், "ஓட்டை இருக்கு டொக்டர்" என்று மட்டும் சொன்னால் அடைப்புத்தான் பதிலாக வரும்.

உங்கள் பல்லில் முதலில் தெரிய வேண்டியது உள்ளே நரம்பு எந்த நிலையில் இருக்கிறது என்பது. குளிர் பட்டதும் சுள்ளென்று குத்தி, குளிரை எடுத்தவுடன் சில விநாடிகளில் அடங்கினால் நரம்பு எரிச்சலில் இருக்கிறது, பெரும்பாலும் மீளும். சூத்தையை எடுத்து அடைத்தால் போதும். குளிரை எடுத்த பிறகும் அரை நிமிஷத்துக்கு மேல் வலி நீடித்தால், ஒன்றும் படாமலே வலி கிளம்பினால், படுத்ததும் கூடினால், நரம்பு மீளாத அளவுக்கு அழன்றுவிட்டது என்று பொருள். அதற்கும் பிந்திய கட்டத்தில் குளிருக்குப் பல் பதிலே சொல்லாது. கடித்தாலும் தட்டினாலும் நோகும், முரசில் சின்னக் கொப்புளம் வந்து சீழ் கசியும். வலி தானாக நின்றுவிட்டது என்று பலர் நிம்மதியடைவது இந்தக் கட்டத்தில்தான். உண்மையில் நரம்பு செத்திருக்கிறது.

எக்ஸ்றேயில் ஒன்றும் தெரியவில்லை என்பதை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது. வேர் நுனியில் கறுப்பு நிழல் விழ எலும்பு கணிசமாகக் கரைந்திருக்க வேண்டும். நரம்பு அழன்று பல நாள் போன பிறகும் படம் சுத்தமாகவே இருக்கலாம். படமும் குளிர்ச் சோதனையும் தட்டிப் பார்ப்பதும் சேர்ந்தால்தான் கணக்குச் சரிவரும்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், வெறும் அடைப்பு மூன்றிலும் பலவீனமான யோசனை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். நரம்பின் மேற்பகுதியை மட்டும் எடுத்து, வேருக்குள் இருப்பதை உயிரோடு விட்டு, விசேட சீமெந்து வைத்து மூடும் முறை இப்போது பெரியவர்களின் பல்லுக்கும் செய்யப்படுகிறது. முன்பு அது பெரும்பாலும் பிள்ளைகளின் பல்லுக்கே என்று இருந்தது. கல்முனை டொக்டர் அதைத்தான் சொன்னாரா என்று கேளுங்கள். படித்த காலமும் பழகிய முறையும் வேறுபட்டால் ஆலோசனையும் வேறுபடும்.

அடுத்த கேள்வி, பல்லைக் காப்பாற்றினாலும் அது நிலைக்குமா? சூத்தையைத் துப்புரவாக எடுத்த பிறகு முரசுக்கு மேலே சுற்றிவர ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் உயரத்துக்காவது நல்ல பல் மிஞ்ச வேண்டும். கிரவுன் அந்த விளிம்பைத்தான் பிடித்து நிற்கும். அது இல்லாவிட்டால் எவ்வளவு அருமையாக ரூட் கனால் செய்தாலும் சில வருஷத்தில் கிரவுன் கழன்றுவிடும், அல்லது வேர் பிளக்கும். வேர் நெடுக வெடித்த பல், வேர்கள் பிரியும் இடம்வரை சூத்தை போன பல், மேலும் கீழும் ஆடுகிற பல் ஆகியவற்றைக் கழற்றச் சொல்வது நியாயம்.

வெற்றிலை போடுகிறவர்களுக்கு நம் பகுதியில் வேறொரு காரணமும் உண்டு. பாக்கினால் கன்னத்தின் உட்தோல் இறுகி வாய் திறப்புக் குறைந்திருந்தால், பின்பல்லுக்குள் ஊசி போன்ற கருவிகளைச் செலுத்த இடமிருக்காது. உங்கள் மூன்று விரல்களை நெட்டாக அடுக்கி முன்பற்களுக்கு இடையில் வைத்துப் பாருங்கள். இரண்டுகூடப் போகாவிட்டால், பல்லை விடுங்கள், வாயைத்தான் முதலில் காட்ட வேண்டும். இந்த இறுக்கம் வாய்ப் புற்றுநோய்க்கு முந்திய நிலைகளில் ஒன்று. இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு இருந்தாலும் வாயைத்தான் முதலில் காட்ட வேண்டும்.

ஆஸ்பத்திரியில் ஏன் கழற்றச் சொன்னார்கள்? அரச பற்சிகிச்சை நிலையத்தில் சிகிச்சை இலவசம், வரிசையோ நீளம். வலியோடு வருகிற அனைவரையும் அன்றைக்கே பார்த்து முடிக்க வேண்டும். கீழ்க் கொடுப்புப் பல்லில் வழக்கமாக மூன்று கால்வாய், சிலருக்கு நான்கு. ஒவ்வொன்றையும் நீளம் அளந்து, அராவி, மருந்து நீரால் கழுவி, அடைக்க வேண்டும். எல்லா நிலையங்களிலும் அதற்கு நேரமோ வசதியோ இருக்காது. "ரூட் கனால் செய்யக்கூடிய விசேட வைத்திய நிபுணரிடம் துண்டு தருவீர்களா?" என்று அங்கேயே கேளுங்கள். கேட்காததால் கழற்றப்படும் பல் நிறைய.

பணத்தை எண்ணும்போது கழற்றுவதை மலிவென்று எண்ணிவிடுகிறோம். முன்கொடுப்புப் பல் போனால் பக்கத்துப் பல் அந்த இடைவெளிக்குச் சாயும், எதிர்ப்பல் நீளும், முதல் ஆறு மாதத்திலேயே எலும்பு வெகுவாக ஒடுங்கும். பிறகு கழற்றி மாட்டும் பல், இருபக்கப் பற்களையும் சீவிக் கட்டும் பிரிட்ஜ், எலும்பில் ஆணி பதித்து வைக்கும் இம்பிளான்ட் என்று செலவு வரும். ஆகவே ஒப்பிட வேண்டியது ரூட் கனாலும் கிரவுனும் சேர்ந்த தொகையை, கழற்றி வேறு பல் வைக்கும் தொகையோடு. அதே நேரம், கடைசிக் கொடுப்புப் பல்லாக இருந்து, மற்றவை நன்றாகக் கடிக்குமானால், கழற்றிவிட்டு ஒன்றும் வைக்காமல் விடுவதில் தவறில்லை. உங்கள் பல் எத்தனையாவது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பதில் அதனால் மாறும்.

பாதியில் விடுவதாலும் ரூட் கனால் கெட்டுப்போகும். முதல் தடவையிலேயே கொதி நின்றுவிடும், தற்காலிக அடைப்போடு ஆள் வராமல் விடுவார். அந்த அடைப்புச் சில வாரத்தில் கசிந்து கிருமி மறுபடி உள்ளே போகும். கிரவுனைத் தள்ளிப்போட்டால் ஒருநாள் சோற்றுக் கல்லில் பல் இரண்டாகப் பிளக்கும். படுவான்கரையிலிருந்து ஆறு கடந்து, பஸ் மாறி வருகிறவர், அறுவடை நெருங்கும் நேரத்தில் தொடங்கினால் இடையில் நின்றுவிடுவார். எத்தனை தடவை வர வேண்டும், கிரவுன் எப்போது என்று முதல் நாளே திகதி வாங்குங்கள். முடியாதென்றால் டொக்டரிடம் நேரே சொல்லுங்கள். தொடங்கிப் பாதியில் விடுவதைவிட ஒழுங்காகக் கழற்றுவது மேல்.

டொக்டரிடம் இப்படிக் கேட்கலாம்: நரம்பு எந்த நிலை, எதை வைத்துச் சொல்கிறீர்கள்? முரசுக்கு மேலே எவ்வளவு பல் மிஞ்சும்? ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன? கால்வாய் வேலையின்போது பல்லைச் சுற்றி ரப்பர் திரை கட்டுவீர்களா? கடைசிவரை மொத்தம் எவ்வளவு? இவற்றுக்கு முகம் சுளிக்காமல் படத்தைக் காட்டிப் பதில் சொல்கிறவரை நம்பலாம். வலியில்லாத நாலைந்து பற்களுக்கு ஒரே நாளில் பெரிய வேலை சொன்னால் இரண்டாவது அபிப்பிராயம் எடுங்கள். இலங்கை மருத்துவ சபையில் பதியாத ஒருவர், பிளாஸ்டிக் பல்லைப் பக்கத்துப் பற்களோடு கழற்ற முடியாதபடி ஒட்டித் தருகிறேன் என்றால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். அடியில் சாப்பாடு அழுகி நல்ல பல்லும் போகும்.

அதுவரை வலிக்கு 500 மில்லிகிராம் பனடோல் 2, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, ஒரு நாளைக்கு 8க்கு மேல் கூடாது. ஈரல் வருத்தமோ குறைந்த உடல் எடையோ உள்ளவர்கள் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். டிஸ்பிரினை நசித்துப் பல்லில் வைத்தால் முரசு வெந்துவிடும். வீக்கமோ காய்ச்சலோ இல்லாத பல்லுக்கொதிக்கு அன்டிபயோட்டிக் உதவாது. சீனி வருத்தம், பிறஷர், இதய வால்வு வருத்தம், இரத்தம் இளக்கும் மாத்திரை இருந்தால் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். வீக்கம் தாடைக்கு அடியில் இறங்கினாலோ, விழுங்கவோ வாய் திறக்கவோ முடியாமல் போனாலோ கிளினிக்கைத் தேடாமல் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இந்த வாரம் வேர் நுனிவரை தெரியும் எக்ஸ்றே ஒன்று எடுத்து, அதைப் போனில் படம்பிடித்து வைத்துக்கொண்டு, டவுன் டொக்டரிடம் மிஞ்சும் பல்லின் உயரத்தைக் கேளுங்கள். 2 மில்லிமீற்றர் இருக்கிறது, கிரவுன்வரை வரவும் முடியும் என்றால் ரூட் கனால். இல்லையென்றால் ஆஸ்பத்திரியில் சொன்னபடி கழற்றுங்கள்.