அப்பாவின் மூச்சும் அந்த நாலு எழுத்தும்

கேள்வி: ஐயா, அப்பா மிலிட்டரி வொர்க்‌ஷாப்பில் 17 வருஷம் வண்டிகளுக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடித்தவர். 2011-இல் ஓய்வு பெறும்போது மெடிக்கல் போர்டு, நுரையீரல் பாதிப்பு 30 சதவீதம் என்று எழுதியது, ஆனால் பணியால் வந்ததல்ல என்று ஊனமுற்றோர் பென்ஷன் தரவில்லை. அமெரிக்காவில் நச்சுப்புகை பட்ட வீரர்களுக்குச் சுலபமாகக் கிடைக்கிறதாமே, நமக்குக் கிடைக்காதா?
– வாசகி, பேரணாம்பட்டு

பதில்: கேள்விப்பட்டது சரிதான் அம்மா. ஈராக், ஆப்கானிஸ்தான் முகாம்களில் குப்பையைக் குழியில் கொட்டி எரித்த புகையைச் சுவாசித்தவர்களுக்காக 2022-இல் அங்கே பாக்ட் சட்டம் வந்தது. இன்ன இடத்தில் வேலை பார்த்தார், பட்டியலில் உள்ள நோய் வந்திருக்கிறது என்றால், பணியால் வந்தது என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். நம்மிடம் அப்படி ஒரு சட்டம் இல்லை, இருக்க வேண்டும் என்று நான் மனதாரச் சொல்வேன்.

அதற்காக விட்டுவிடாதீர்கள். உங்கள் அப்பா தாளில் இருப்பது ‘என்.ஏ.என்.ஏ.’, அதாவது பணியால் வரவும் இல்லை, பணியால் மோசமாகவும் இல்லை. வேலூர்ப் பக்கம் மிலிட்டரிக்காரர் இல்லாத தெரு குறைவு, இந்த நாலு எழுத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் வீட்டுக்கு வந்தவர்களும் அதே தெருக்களில்தான் இருக்கிறார்கள். 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: சேரும்போது நோய்க் குறிப்பு எதுவும் இல்லாமல், பிறகு அந்த நோயால் வெளியே வந்தால், பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிப்பது அரசின் வேலை, போர்டும் காரணம் எழுதியாக வேண்டும். 2023 செப்டம்பரில் வந்த புது விதிகள் அதற்குப் பிறகு ஓய்வு பெற்றவர்களுக்குத்தான், அதைக் காட்டி யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள்.

முதலில், சேர்ந்தபோது எடுத்த மெடிக்கல், கடைசி போர்டு அறிக்கை இரண்டின் நகலையும், அப்பாவின் பணிப் பதிவேடுகளை வைத்திருக்கும் ராணுவ ரெக்கார்ட்ஸ் ஆபீஸில் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். போர்டு காரணமே எழுதவில்லை என்றால் அதுவே உங்கள் பக்கம் பேசும். அப்பீல் எழுத மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உதவி கேளுங்கள், அங்கே நடக்காவிட்டால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு இருக்கிறது. ஜெயித்தால் 30 சதவீதத்தை 50-ஆக உயர்த்திக் கணக்கிடக் கேட்கலாம். ஆனால் நிலுவை பெரும்பாலும் வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருஷத்துக்குத்தான், தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதமும் நஷ்டம்.

‘போனது போகட்டும்மா’ என்று அப்பா சொல்வார், சொல்லட்டும். எந்த யூனிட், எந்த வருஷம், எந்த ஷெட்டில் பெயின்ட் அடித்தார், முகமூடி கொடுத்தார்களா, கூட வேலை பார்த்தவர்களில் யார் இன்னும் இருக்கிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு இன்று ராத்திரியே எழுதி வையுங்கள்.