பன்னீர் திராட்சையின் பாட்டி (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

டான்யூப் நதிக்கரையில் நண்பர்களோடு இரண்டு நாள் சைக்கிள் ஓட்டி, ஒயின் சுவைபார்த்ததைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். ஆற்றையும் மலையையும் எழுதிய பகுதி பிடித்திருந்தது. அதற்குப் பிறகு வாசிக்க முடியவில்லை. மூடி வைத்துவிட்டு மறுநாள்தான் முடித்தேன்.

நாங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டு தலைமுறையாகத் திராட்சை போடுகிறவர்கள். அப்பா கவாத்து வெட்டுவதில் பேர்போனவர். பக்கத்து ஊர்களிலிருந்து வந்து கூப்பிட்டுக்கொண்டு போவார்கள். குடியில்தான் போனார். முதலில் இரண்டு ஏக்கர் பந்தல் போனது, பிறகு அவர். எங்கள் வீட்டில் மது என்றால் இதுதான் அர்த்தம். படித்தவர்கள் கண்ணாடிக் கிண்ணத்தைச் சுழற்றி முகர்ந்து, சுவைத்தோம் என்று எழுதினால் அது ஏதோ உயர்ந்த காரியம் போல ஆகிவிடுகிறது. இரண்டும் ஒன்றுதானே ஐயா?

திராட்சைக்காரியாக இன்னொரு கேள்வி. அங்கேயும் பந்தல்தானா? வருடத்துக்கு எத்தனை அறுப்பு? பழத்தில் இல்லாத எதைத் தேடி ஒயினிடம் போனீர்கள்?

பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகி
தேனி மாவட்டம்

*

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். அப்பாவின் கவாத்தைப் பற்றி எழுதியிருந்த அந்த ஒரு வரியிலேயே அவரைப் பார்க்க முடிந்தது.

இரண்டும் ஒன்றுதான். உங்கள் ஊர்க் கடையில் விற்பதும் நான் கையில் வைத்திருந்த கிண்ணத்தில் இருந்ததும் ஒரே சரக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988இலேயே மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில் வைத்துவிட்டது. உடலுக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று 2023 ஜனவரியில் அந்த நிறுவனம் வெளிப்படையாகவே சொன்னது. கிண்ணம் மெல்லியதாக இருந்தாலும் விலை கூடுதலாக இருந்தாலும் ஈரலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. என் எழுத்து இதற்கு மாறான எண்ணத்தை உங்களுக்குத் தந்திருந்தால் அது என் எழுத்தின் குறை. மறுக்க மாட்டேன்.

உங்கள் கடிதம் வந்த பிறகு அந்தக் கட்டுரையைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். முழுக்க 'நாங்கள்', 'நாங்கள்' என்றே எழுதியிருக்கிறேன். நாங்கள் நான்கு பேர். அதில் ஒருவர் மதுவைத் தொடாதவர். அவர் வீட்டிலும் உங்கள் வீட்டுக் கதைதான், ஆளும் ஊரும் மட்டும் வேறு. அந்த இரண்டு நாளில் எங்கள் எல்லோரையும்விட அதிகம் பெற்றுக்கொண்டு திரும்பியவர் அவர். அவரைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் விட்டுவிட்டேன். இந்தப் பதிலில் அதை எழுதுகிறேன். உங்கள் கேள்விகளுக்கும் விடை அதில்தான் இருக்கிறது.

ஆஸ்திரியாவில் மெல்க் என்ற ஊருக்கும் கிரெம்ஸ் என்ற ஊருக்கும் நடுவே டான்யூப் ஒரு குறுகலான பள்ளத்தாக்கில் ஓடுகிறது. வாகாவ் என்று பெயர். முப்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். 2000ஆம் ஆண்டிலிருந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. வியன்னாவில் வேலை பார்க்கும் நண்பரின் யோசனைப்படி செப்டம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை காலை ரயிலில் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு மெல்க் போய் இறங்கினோம். குன்றின் மேல் மஞ்சளும் வெள்ளையுமாகப் பெரிய மடாலயம் நிற்கிறது. 1089இலிருந்து பெனடிக்ட் சபைத் துறவிகள் அங்கே இருக்கிறார்கள். அதை அண்ணாந்து பார்த்துவிட்டு ஆற்றோடு கிழக்கே திரும்பினோம். ஆறு போகும் திசையில் போவதால் பாதை லேசான இறக்கம். ஐம்பதைத் தொட்ட எங்கள் முழங்கால்களுக்கு அது பெரிய உதவி.

சைக்கிளில் போனதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காரில் போனால் அந்தப் பள்ளத்தாக்கை முக்கால் மணி நேரத்தில் கடந்துவிடலாம், பச்சைச் சரிவு ஒன்றைப் பார்த்தோம் என்பதுதான் மிஞ்சும். சைக்கிளில் காலே மண்ணைச் சொல்லிவிடுகிறது. நிழலான வளைவில் குளிர்ந்த காற்று முழங்கையில் படுகிறது, அடுத்த வளைவில் பாறைச் சுவர் வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கிறது. இரவில் வடக்கே இருக்கும் காட்டு மேட்டிலிருந்து குளிர் இறங்கி வரும், பகலில் கிழக்கே ஹங்கேரிச் சமவெளிப் பக்கமிருந்து வெப்பம் ஏறி வரும். இந்த இரண்டுக்கும் நடுவே கிடப்பதால்தான் பழத்தில் இனிப்பு ஏறியும் புளிப்பு போகாமல் நிற்கிறது. வழியில் வில்லென்டார்ஃப் என்ற சிற்றூர். 1908இல் ரயில் பாதை போட்டபோது நடந்த அகழாய்வில், சுண்ணாம்புக் கல்லில் செதுக்கிய பெண்ணுருவம் ஒன்று கிடைத்த இடம். பதினோரு சென்டிமீட்டர்தான் உயரம். வயது ஏறக்குறைய முப்பதாயிரம் ஆண்டு. உள்ளங்கைக்குள் அடங்குகிற அந்த வயிற்றையும் மார்பையும் செதுக்கிய கை எப்படிப்பட்ட கை என்று ஆற்றைப் பார்த்து உட்கார்ந்து வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். அங்கே பந்தல் கிடையாது. கம்பிகளில் வரிசை வரிசையாக, ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, வேலி மாதிரி கொடியை ஏற்றியிருக்கிறார்கள். அறுப்பு வருடத்துக்கு ஒன்றுதான். பனிக்காலத்தில் இலையெல்லாம் உதிர்ந்து கொடி கட்டைபோல உறங்கிவிடும். அந்த உறக்கத்திலேயே கவாத்து வெட்டிவிடுவார்கள். கொடியை உறங்கவிடாத உங்கள் மண்ணில் ஆண்டு முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் இருந்துகொண்டே இருக்கும் என்று சொன்னபோது, அங்கே ஓர் அம்மாள் நம்பாமல் என் நண்பரின் முகத்தைப் பார்த்து, 'அப்படியானால் நீங்கள் எப்போது ஓய்வெடுப்பீர்கள்?' என்று கேட்டார்.

சரிவு மிகச் செங்குத்து. அதனால் மலையை அடுக்கடுக்காக வெட்டி, ஒவ்வோர் அடுக்குக்கும் கல்சுவர் எழுப்பியிருக்கிறார்கள். சுண்ணாம்பும் இல்லை, சிமெண்டும் இல்லை. கல்லின் மேல் கல், அவ்வளவுதான். வைசன்கிர்ஹென் என்ற ஊருக்கு மேலே ஓர் இடத்தில், மழையில் வயிறு தள்ளிச் சரிந்த சுவரை ஒருவர் சரிசெய்துகொண்டிருந்தார். பெரிய கற்கள் அடியில். ஒவ்வொரு கல்லும் மலைப் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும். ஒரு கல்லை வைத்து, கையால் ஆட்டிப் பார்த்து, ஆடினால் எடுத்துத் திருப்பி வைத்து, பின்பக்கத்துச் சந்தில் சில்லுக் கற்களைச் சுத்தியலால் தட்டி இறுக்கினார். காரை பூசினால் தண்ணீர் உள்ளே தேங்கிச் சுவரைத் தள்ளிவிடும். இந்தச் சுவர் தண்ணீரை விட்டுவிடும், வெயிலை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். எங்கள் குடிக்காத நண்பர் சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் போய் அவருக்குக் கல் எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார். பாஷை தெரியாது. அரை மணி நேரத்தில் எந்தக் கல் அடுத்து வேண்டும் என்பது இவருக்கே தெரிந்துவிட்டது. அந்தக் கற்களின் இடுக்கில் மரகதப் பச்சையில் ஒரு பல்லியினம் வெயில் காயும். அங்கே நன்றாகப் பழுத்த திராட்சையில் செய்யும் ஒயினுக்கு ஸ்மரக்ட், அதாவது மரகதம் என்று அதன் நினைவாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அன்று மாலைதான் சுவைபார்த்தோம். சைக்கிள்களை விடுதியில் விட்டுவிட்டு நடந்தே போனோம். அந்த நாட்டில் சைக்கிள் ஓட்டுகிறவருக்கும் ரத்தத்தில் மது ஆயிரத்தில் 0.8 பங்கைத் தாண்டக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் ஆற்றங்கரையில் தள்ளாடுவதற்காக நாங்கள் போகவில்லை. சிறிய குடும்பத் தோட்டம். அறுபது வயது மதிக்கத்தக்க அந்த அம்மாள்தான் ஊற்றினார். கிண்ணத்தில் இரண்டு வாய் அளவு. முகர்ந்து, வாயில் வைத்து, நாக்கின் மேல் காற்றை இழுத்து, பக்கத்தில் வைத்திருக்கும் மண் கலயத்தில் துப்பிவிட வேண்டும். துப்புவதை அவர்கள் அவமரியாதையாக நினைப்பதில்லை, அதுதான் முறை. சுவைத்த நான்கு ஒயினையும் துப்பினேன். இரவு சாப்பாட்டின்போது மட்டும் ஒரு கிண்ணம் குடித்தேன், அதையும் உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

குடிக்காத நண்பர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாள் காரணம் கேட்கவில்லை. அதே தோட்டத்துத் திராட்சையைப் பிழிந்து, புளிக்கவிடாத சாற்றை ஒரு கண்ணாடிக் குவளையில் கொண்டுவந்து வைத்தார். 'மூக்குக்கு மட்டும்' என்று சைகையால் சொல்லி, எங்கள் கிண்ணங்களையும் ஒவ்வொன்றாக அவரிடம் நீட்டினார். குரூனர் வெல்ட்லீனர் என்ற வெள்ளைத் திராட்சை. முகர்ந்ததுமே 'மிளகு' என்றார். எனக்கு அது பிடிபடவேயில்லை, அவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. கற்பனை இல்லை. மிளகுக்கு அந்த மணத்தைத் தரும் ரொட்டன்டோன் என்ற பொருளே இந்தத் திராட்சையிலும் இருக்கிறது. குமுளி மேட்டில் காயப்போட்ட மிளகை மிதித்து நடந்தவர்களுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடைசியாக முஸ்கடெல்லர் என்ற பழைய வகையை ஊற்றினார். நண்பர் கிண்ணத்தை வாங்கி முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். கிண்ணத்தைக் கீழே வைக்கவேயில்லை. பிறகு தமிழில், எங்களிடம்கூட இல்லை, தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார்: 'பன்னீர் திராட்சை.'

ஊருக்குத் திரும்பிய பிறகு இதைத் தேடிப் பார்த்தேன். உங்களிடம் சொல்ல வேண்டும் என்று இப்போது கை பரபரக்கிறது. உங்கள் பந்தலில் தொங்கும் பன்னீர் திராட்சைக்கு, 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததே அதற்கு, உலக வழக்கில் மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர். மரபணுச் சோதனைகளின்படி அதன் பெற்றோரில் ஒன்று மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா. மற்றொன்று வட இத்தாலி மலைப் பகுதியின் கறுப்புத் திராட்சை. அந்த மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியாவின் பெற்றோரில் ஒன்றுதான், வாகாவில் நாங்கள் முகர்ந்த இந்த முஸ்கடெல்லர். உங்கள் கொடிக்கு அது பாட்டி. கறுப்பு நிறம் வேறு வழியில் வந்தது. பன்னீர் வாசம் இவள் வழியில் வந்தது. ரோஜாவில் இருக்கும் ஜெரானியோலும் லினலூலும் இந்தப் பழத்திலும் இருப்பதால்தான் நம் ஊரில் அதற்கு அந்தப் பெயரே வந்திருக்க வேண்டும்.

பழத்தில் இல்லாத எதைத் தேடினீர்கள் என்று கேட்டீர்கள். மஸ்கட் இனத்தில் அப்படி ஒன்றும் இல்லை, பழத்தில் இருப்பதுதான் கிண்ணத்திலும். மற்ற பல திராட்சைகளில் மணம் சர்க்கரையோடு பிணைந்து பூட்டிக் கிடக்கும். சாற்றை முகர்ந்தால் தெரியாது. புளிக்கும்போதுதான் அந்தப் பூட்டு திறக்கிறது. மேலே பாறை மண்ணில் விளைந்தது ஒரு விதம், கீழே காற்று கொண்டுவந்து குவித்த மென்மையான மண்ணில் விளைந்தது ஒரு விதம். பகலில் சைக்கிளில் கடந்த வெயிலும் நிழலும் மாலையில் கிண்ணத்தில் திரும்ப வருகின்றன. நான் தேடிப் போனது அதைத்தான். அதற்கு ஒரு சொட்டுக்கூடத் தொண்டைக்குள் இறங்க வேண்டியதில்லை என்று என் நண்பர் மூக்கினாலேயே காட்டிவிட்டார்.

திராட்சை நம்பிப் பிழைப்பவர்களுக்கு அங்கேயும் அடி விழுந்திருக்கிறது. 1985இல் சில வியாபாரிகள் ஒயினில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற ரசாயனத்தைக் கலந்தது வெளியே வந்து, ஆஸ்திரிய ஒயின் என்றாலே உலகம் ஒதுக்கியது. கலக்காதவர்களின் பீப்பாய்களும் விற்காமல் கிடந்தன. அந்த வருடத்தைப் பற்றிப் பேசியபோது அந்த அம்மாளின் குரல் இறங்கிவிட்டது. அதன் பிறகு சட்டம் கடுமையானது. இன்று டூர்ன்ஸ்டைன் ஊரில், துண்டு துண்டாகத் தோட்டம் வைத்திருக்கும் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் பெரிய கூட்டுறவு ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதைத் தாண்டிக் கிரெம்ஸ் வரை போய் ரயில் ஏறினோம். நண்பரின் பையில் இரண்டு போத்தல் திராட்சைச் சாறு இருந்தது.

அவர் உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னார். உங்கள் கடிதத்தை, பெயரை மறைத்து, அவருக்குக் காட்டினேன். மலையடிவாரத்துப் பந்தலில் பறித்த பன்னீர் திராட்சைக்கும், கீழே முல்லையாற்றுப் பக்கத்துத் தோட்டத்தில் பறித்ததற்கும் வாசத்தில் வித்தியாசம் தெரியுமா? உங்கள் அப்பா பேசியதில் அப்படி ஏதாவது நினைவிருந்தால் எழுதுங்கள்.