ஸ்கைரிம் கணினி விளையாட்டில் மோட், கன்சோல் கட்டளைகள் பயன்படுத்தினால் சேமித்த ஆட்டம் கெட்டுவிடுமா?

கன்சோலுக்கு, அதாவது ஆட்டத்துக்குள் கட்டளைகளைத் தட்டச்சிடும் பெட்டிக்கு, அவ்வளவாகப் பயப்பட வேண்டாம். மோடுகளை, அதாவது ஆட்டத்தை மாற்றும் கூடுதல் கோப்புகளை, இடையில் நீக்குவதற்குத்தான் பயப்பட வேண்டும்.

விசைப்பலகையில் 1-க்கு இடப்பக்கம் இருக்கும் விசையைத் தட்டினால் ஆட்டம் உறைந்து கன்சோல் திறக்கும். பாறை இடுக்கில் சிக்கிக்கொண்டீர்களா? டி, சி, எல் என்ற மூன்று எழுத்துகளை அடித்தால் சுவர், தரை எதுவும் தடுக்காது. வெளியே வந்ததும் அதையே மறுபடி அடித்துவிடுங்கள். ஆனால், கதைப் பணியை அடுத்த கட்டத்துக்குத் தள்ளும் 'செட்ஸ்டேஜ்' கட்டளையைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். இடையில் நடக்க வேண்டியவை நடக்காமல், கதை வேறெங்காவது முட்டி நிற்கும்.

ஆயுதத்தின் தோற்றத்தை மட்டும் மாற்றும் மோடால் பெரிய ஆபத்தில்லை. ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) உள்ள மோடோ தன் தரவைச் சேமிப்புக் கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கும். மோடை நீக்கினாலும் அந்த எச்சம் போகாது. பெங்களூரு அல்சூரில் மூன்று பேர் தங்கியிருந்த அறையில், அறுபது மணி நேரம் ஆடியிருந்த ஆட்டத்திலிருந்து வேட்டை மோட் ஒன்றைத் தூக்கினேன். அதன் பிறகு ஊருக்குள் நுழையும்போதெல்லாம் ஆட்டம் தானாக மூடிக்கொண்டது. "பழைய சேமிப்பு வைத்திருக்கிறாய் அல்லவா?" என்று மதுரைக்கார நண்பன் கேட்டான். வைத்திருக்கவில்லை. அவன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

மோட் சேர்க்கும் முன் தனிச் சேமிப்பு ஒன்று எடுத்துவையுங்கள். இன்னொன்று: 2016-இல் வந்த சிறப்புப் பதிப்பில் மோட் இயங்கும்போது சாதனைகள் (அச்சீவ்மெண்ட்) பொதுவாகப் பதிவாகாது. கன்சோலுக்கு அந்தத் தடை கிடையாது, விந்தைதான்.